சும்மா இருக்கத் தெரியாத முதலீட்டாளர்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோபாலகிருஷ்ணனை வீட்டில் பிடிக்க முடியாது. மெல்பேர்னின் நோபிள் பார்க்கில் அவர் தெருவில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். புல்வெட்டும் மெஷினைக் காரின் பின்பக்கம் ஏற்றுவார். திருத்து வேலைச் சாமான்கள் போட்ட இரும்புப் பெட்டியை முன் சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டுக் கிளம்புவார். பத்து நிமிட ஓட்டம். ஸ்பிரிங்வேலில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது, வாடகைக்கு விட்ட வீடு. அந்த வீட்டில் அவர் கை படாத குழாய் இல்லை, கழற்றிப் பூட்டாத கதவு இல்லை. வியட்நாம்காரர் போய்ப் பஞ்சாப்காரர் வந்தார், பஞ்சாப்காரர் போய் ஒரு சூடான் குடும்பம் வந்தது. இருபத்தொரு வருடத்தில் மாறாத ஒரே ஆள் வீட்டுச் சொந்தக்காரர்தான். இந்த மனிதர் ஓயாமல் வந்து பழுதில்லாததையெல்லாம் திருத்துகிறார் என்று ஒரு குடித்தனக்காரி ஏஜென்சிக்கு முறைப்பாடு எழுதிய கதையும் உண்டு.

குளிர்பெட்டித் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். முதுகில் ஒபரேஷன் செய்த பிறகு அந்த வேலையை விட்டார். டாக்டர் பாரம் தூக்க வேண்டாம் என்றார், ஏணியில் ஏறவே வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஸ்பிரிங்வேல் வீட்டுக் கூரையில் நின்று இலை கூட்டிக்கொண்டிருந்தார். கீழே அவருடைய மனைவி சுஜீவா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கி வந்ததும், இந்த வீட்டை விற்றுவிடுவோம் என்று மட்டும் சொன்னாள்.

சுஜீவாவுக்கு அறுபத்தொரு வயது. பத்தொன்பது வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் வாரத்துக்கு நான்கு நாள் காலை ஷிப்ட். விடிவதற்கு முன்னர் கிளம்பிப் போய், தன்னைவிட இரண்டு மடங்கு கனமானவர்களைக் கட்டிலில் இருந்து எழுப்பி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிக் கதிரையில் இருத்துகிற வேலை. வலது தோள்மூட்டு தேய்ந்துபோயிற்று. தலைமுடியைச் சீவுவதற்குக் கை முழுதாக மேலே போவதில்லை. வீடு விற்ற காசை எங்காவது போட்டு, அவள் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டவாவது மாதாமாதம் வந்தால் வேலையை விடலாம். இதற்காகத்தான் வீட்டை விற்றார்கள், வேறெதற்கும் இல்லை. அவள் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்று: காசு வரவேண்டும், ஆனால் ஒருவரும் ஏணியில் ஏறக்கூடாது.

சிட்னியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகன் இளங்கீரன் இதைக் கேட்டுச் சிரித்தான். அம்மா கேட்பதற்குப் பெயர் பாசிவ் இன்கம், சும்மா இருக்க வருகிற காசு, அதற்கு உலகத்தில் ஆயிரம் வழி இருக்கிறது என்றான். பங்குச் சந்தையில் விற்கிற சொத்து டிரஸ்டுகள் இருக்கின்றன. கடைத்தொகுதி, ஆஸ்பத்திரி, அலுவலகக் கட்டடம் என்று நூறு கட்டடங்களில் ஒரே நேரத்தில் ஒரு துளி நமக்குச் சொந்தம். ஐந்நூறு டாலர் கையில் உள்ள யாரும் வாங்கலாம், பிடிக்கவில்லை என்றால் மறுநாள் விற்கலாம் என்று விளக்கினான். சுஜீவாவுக்கு அந்த ‘மறுநாள் விற்கலாம்’ பிடித்துக்கொண்டது. கோபாலகிருஷ்ணனுக்குப் பிடிக்காததும் அதுதான்.

பரீட்சித்துப் பார்ப்போம் என்று ஐயாயிரம் டாலருக்கு வாங்கினார். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. விலை போனில் நிமிடத்துக்கு நிமிடம் மாறிற்று. குசினியில் தேத்தண்ணீர் கொதிப்பதற்குள் மூன்று முறை பார்ப்பார். அமெரிக்காவில் யாரோ வட்டியைப் பற்றிப் பேசினால் இங்கே தன் ஆஸ்பத்திரி ஏன் இறங்க வேண்டும், கட்டடம் நேற்று நின்ற இடத்தில்தானே நிற்கிறது என்று டெலிவிஷனோடு சண்டை பிடிப்பார். பதினொரு நாளில் விற்றுவிட்டார். முப்பத்தெட்டு டாலர் நட்டம். அடுத்து, ஒரு வீட்டைப் பத்தாயிரம் துண்டாக்கித் துண்டு துண்டாக விற்கிற ஆப் ஒன்றை மகன் காட்டினான். அதையும் திறந்து பார்த்துவிட்டு, என் துண்டு வீட்டின் எந்தப் பக்கம் என்று கம்பனிக்கு எழுதிக் கேட்டார். அவர்கள் மரியாதையாக ஒரு பதில் அனுப்பினார்கள். அதில் பக்கம் ஒன்றும் சொல்லப்படவில்லை.

கௌரிசங்கர் வந்து சேர்ந்தது இந்தச் சமயத்தில்தான். ஸ்பிரிங்வேலில் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் அக்கவுண்டன்ட். பாதி யாழ்ப்பாணத்துக்கு வரிக்கணக்கு எழுதுகிறவர். கேரம் டவுன்ஸ் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது கோபாலகிருஷ்ணனைப் பக்கத்தில் இழுத்துக் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னார். மேற்கே ட்ருகனினாவில் பெரிய கிடங்கு ஒன்று இருக்கிறது, அதைப் பலருடைய காசைச் சேர்த்து ஒரு டிரஸ்ட் வாங்குகிறது. இணையத்தில் தளபாடம் விற்கிற ஒரு கம்பனி முழுக் கிடங்கையும் வாடகைக்கு எடுத்திருக்கிறது. வருடத்துக்கு நூற்றுக்கு ஏழு வீதம், மாதாமாதம் கையில். ஐந்து வருடம் காசை எடுக்க முடியாது, ஆனால் விலை ஏறி இறங்கி மனிதரை வருத்தாது. ஒரே ஒரு விஷயம், இது எல்லோருக்கும் கிடைக்காது. சொபிஸ்டிகேட்டட் இன்வெஸ்டர், அதாவது விஷயம் தெரிந்த முதலீட்டாளர், என்று அக்கவுண்டன்ட் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் டிரஸ்டின் விபரப் புத்தகத்தைக் கண்ணாலும் பார்க்க முடியாது.

எல்லோருக்கும் கிடைக்காது என்று சொன்னால் போதும், நம்மவர்களில் பாதிப் பேர் அது என்னவென்று கேட்காமலே கையை நீட்டிவிடுவோம். கோபாலகிருஷ்ணன் அந்தப் பாதியைச் சேர்ந்தவர். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, தனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று கேட்டார். இரண்டரை மில்லியன் டாலருக்குச் சொத்து இருக்க வேண்டுமாம். கௌரிசங்கர் அடுத்த வாரம் எல்லாவற்றையும் கூட்டினார். இரண்டு வீடும் தொடக்கத்திலிருந்தே கோபாலகிருஷ்ணன் பேரில்தான் இருந்தன. குடியிருக்கும் வீட்டுக்கு ஏஜென்ட் சொன்ன மூன்று விலையில் உச்ச விலையைப் போட்டார். ஸ்பிரிங்வேல் வீடு விற்ற காசைப் போட்டார், ஓய்வூதியச் சேமிப்பைப் போட்டார். எல்லாம் சேர்ந்து எல்லைக்கோட்டை ஒரு மயிரிழையில் தாண்டிற்று. முப்பது வருடம் எண்ணெய்க் கையோடு வேலை செய்த மனிதர், ஒரு தாளில் ஒரு கையெழுத்தோடு சொபிஸ்டிகேட்டட் ஆனார்.

அந்தத் தாளுக்கு ஃபிரேம் போட்டார். ஹோலில், இளங்கீரன் பட்டம் வாங்கிய படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். வந்தவர்கள் கேட்டால் சொல்வார், கேட்காதவர்களை அந்தச் சுவருக்கு எதிரே உட்கார வைப்பார். மகன் ஒருநாள் வீடியோவில் அதைக் கண்டு, அப்பா, அது பட்டமில்லை என்று விளங்கப்படுத்தினான். சாதாரண ஆட்களுக்கு விற்கும்போது சட்டம் அதையெல்லாம் சொல், இதையெல்லாம் காட்டு என்று கம்பனியைப் பிடித்து நெருக்கும். அந்தத் தாள் உள்ளவருக்கு அப்படி நெருக்காது, தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடும். அவ்வளவுதான் அதன் அர்த்தம் என்றான்.

“பிறகென்ன? நான் என்னைப் பார்த்துக்கொள்ள மாட்டனோ?” என்றார் கோபாலகிருஷ்ணன்.

வரியும் வீட்டுக் கடனும் போக மிஞ்சிய நாலரை லட்சம் டாலரையும் அப்படியே போட்டார். படிவத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் சுஜீவாவைக் கேட்டார். அவள் வேலையால் வந்து தோளுக்குச் சுடுநீர்ப் பை வைத்துக்கொண்டு இருந்தாள். ஏணி இல்லைத்தானே என்று கேட்டாள். இல்லை என்றார். அப்படியென்றால் சரி என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த டிரஸ்டின் மற்ற முதலீட்டாளர்களிடம் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். கோபாலகிருஷ்ணனுக்கு ஒரு கட்டடம் வாங்கினால் பால் காய்ச்ச வேண்டும். ஸ்பிரிங்வேல் வீட்டுக்குக் காய்ச்சினார், நோபிள் பார்க் வீட்டுக்குக் காய்ச்சினார், கிடங்கு என்ன பாவம் செய்தது? கோயில் கலண்டரில் மெல்பேர்ன் நேரப்படி நல்ல நேரம் பார்த்தார். சுஜீவாவைச் சேலை உடுக்கச் சொல்லி, வெஸ்ட் கேட் பாலத்தைத் தாண்டி ஐம்பத்தாறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனார். ட்ருகனினா வெட்டவெளி, காற்றை மறிக்க ஒரு மரம் இல்லை. கிடங்கின் கம்பி வேலிக்கு வெளியே, காரின் பின்கதவைத் திறந்து வைத்து, முகாமடிக்கிறவர்கள் வைத்திருக்கும் சின்ன காஸ் அடுப்பில் பால் பானையை ஏற்றினார். லொறி ஒன்று போனால் அடுப்பு அணைந்துவிடும். மூட்டுவார், அடுத்த லொறி வரும்.

வாயில் காவலாளி என்னவோ ஏதோவென்று ஓடி வந்தான். சுஜீவா அவனுக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். தன் கணவர் இந்தக் கட்டடத்தில் நாற்பதில் ஒரு பங்கு வாங்கியிருக்கிறார், அதனால் பால் பொங்க வேண்டும். காவலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் மஞ்சள் ஜாக்கெட்டை விரித்துக் காற்றுக்கு மறைப்பாக நின்றான். இருந்தும் பால் பொங்கவில்லை. நல்ல நேரம் முடிந்துவிட்டது. சூடானால் காணும் என்று சொல்லி சுஜீவா சீனி போட்டு மூன்று கடதாசிக் கோப்பையில் ஊற்றினாள். கோபாலகிருஷ்ணன் குடித்தார், ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அடுப்பின் மேல் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு மறுபடியும் புறப்பட்டார். எங்கே என்று சுஜீவா கேட்டாள். சும்மா ஒருக்கால் பார்த்திட்டு வாறன் என்றார். அதற்கடுத்த சனியும் அதே பதில். சுஜீவா கேட்பதை நிறுத்திவிட்டாள். கட்டித் தரும் உளுந்து வடையின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினாள்.

கிடங்குக்கு லொறி வந்து நிற்கிற கதவுகள் இருபது. நாற்பதில் ஒரு பங்கு என்றால் அரைக் கதவு. ஏழாம் இலக்கக் கதவின் இடது பாதி தன்னுடையது என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். அங்கே லொறி வந்து நின்றால் மனம் குளிரும். மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியில் புல் முளைத்திருப்பதை வேலிக்கு வெளியே நின்று கண்டுபிடித்து டிரஸ்டை நடத்துகிற கம்பனிக்கு எழுதினார். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கொங்கிறீட்டில் வெடிப்பு இருப்பதைப் படம் எடுத்து அனுப்பினார். மறுபடியும் நன்றி வந்தது. ஒரு மழைநாள், பீலி நிரம்பி ஏழாம் கதவின் மேல் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. காரில் வைத்திருந்த ஏணியும் கையுமாக வாயிலில் போய் நின்றுவிட்டார். அந்த முறை நன்றி வரவில்லை. முதலீட்டாளர்கள் வளவுக்குள் நுழைய உரிமை இல்லை என்று வக்கீல் பாஷையில் கடிதம் வந்தது. ஏணி கொண்டு போனதை சுஜீவாவிடம் சொல்லவில்லை.

அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே சிநேகம் சுதர்சன். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், தளபாடக் கம்பனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். கிடங்குக்குப் பின்னால் எழும்பியிருக்கும் புதுக் குடியிருப்பில் கடனுக்கு வீடு வாங்கியிருந்தான். இடைவேளையில் வேலியோரம் வந்து வடை வாங்கித் தின்பான். வீட்டில் பொழுதுபோகாத யாரோ ஓர் அங்கிள் என்று முதலில் நினைத்திருக்கிறான். நாற்பதில் ஒரு பங்கு விஷயம் தெரிந்ததும் ஓனர் என்று கூப்பிடத் தொடங்கினான். கேலிதான், ஆனாலும் கோபாலகிருஷ்ணனுக்கு அது தித்தித்தது.

பதினான்கு மாதம் ஒழுங்காகக் காசு வந்தது. மாதம் பிறந்து மூன்றாம் நாள், சொன்ன தொகை சொன்னபடி. சுஜீவா முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினாள், பிறகு ஒரு திகதி குறித்தாள். ஜூன் மாத முடிவோடு வேலையை விடுவது. மூன்று வாரம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதால், ஜூன் முதல் திங்கட்கிழமை கொடுப்பதற்கு ராஜினாமாக் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதினாள். மகன் டைப் பண்ணித் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம், இதை நானே எழுத வேணும் என்றாள். அலுமாரியில் இருந்த நீல யூனிஃபோர்ம் ஆறில் மூன்றை இப்போதே மடித்துப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். பழைய உடுப்பு வாங்கும் வின்னீஸ் தருமப் பெட்டியில் போடுவதற்கு அந்தப் பை வாசல் கதவோரம் காத்திருந்தது.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. கோபாலகிருஷ்ணன் வேலியோரம் காரை நிறுத்தியதுமே கண்டுகொண்டார். இருபத்தொரு வருடம் வீடு வாடகைக்கு விட்டவருக்கு, குடியிருப்பவர் போகப்போகிறார் என்பதை அவர் வாயால் கேட்க வேண்டியதில்லை. முதலில் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துவார்கள். எரிந்துபோன பல்பை மாற்ற மாட்டார்கள். குப்பைத் தொட்டி வாரத்துக்கு இரண்டு முறை நிரம்பும். இங்கே வாயில் விளக்கு இரண்டு வாரமாக எரியவில்லை. பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் ஏறித் திருப்பிப் பூட்டவில்லை. பதின்மூன்றாம் கதவிலிருந்து இருபது வரைக்கும் இழுத்து மூடி, முன்னால் கழற்றிய இரும்புத் தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் நின்றார். ஏழாம் கதவுக்கு ஒரு லொறி வரவில்லை.

சுதர்சன் பத்தரைக்கு வந்தான். வடைப் பார்சலை வாங்கினான், பிரிக்கவில்லை.

“அங்கிள், நீங்க ஓனர்ங்கிறதால சொல்றேன். செப்டம்பரோட இத காலி பண்றாங்க. வடக்க புதுசா ஒண்ணு கட்டி முடிச்சாச்சு, அங்க எல்லாமே ரோபோ.”

கோபாலகிருஷ்ணன், ஒப்பந்தம் இன்னும் நாலரை வருடம் இருக்கிறதே என்றார். நடுவில் விலகலாம் என்று ஒரு விதி இருக்கிறதாம், மார்ச்சிலேயே நோட்டீஸ் கொடுத்தாயிற்றாம் என்றான் சுதர்சன். பாதிப் பேருக்கு அங்கே வேலை கிடையாது. தனக்கும் இல்லை. வீட்டுக் கடனை எப்படிக் கட்டுவது என்று பார்கவி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றான். பார்கவி அவன் மனைவி. கோபாலகிருஷ்ணன் தலையை ஆட்டினார், ஆனால் அந்த நேரத்தில் அவர் காதில் விழுந்தது செப்டம்பர் என்ற ஒரு சொல்தான். திரும்பி வரும்போது பாதிப் பாலத்தில்தான் அந்தப் பையனுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லாமல் வந்தது உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து டிரஸ்டின் புத்தகத்தை முதல்முறையாக முழுதாகப் படித்தார். நாற்பத்தோராம் பக்கம், சின்ன எழுத்தில், எல்லாம் இருந்தது. வாடகைக்காரர் ஆறு மாத முன்னறிவிப்போடு விலகலாம். வாடகை நின்றால், டிரஸ்டின் வங்கிக் கடனைக் கட்டுவதற்காக முதலீட்டாளருக்குத் தரும் காசை நிறுத்தலாம். பங்கைத் திருப்பி எடுக்க முடியாது. கம்பனிக்கு எழுதினார். வருடாந்த அறிக்கையில் சகலதும் தெரிவிக்கப்படும் என்று பதில் வந்தது. அன்றைக்கே கௌரிசங்கரின் மேல்மாடிக்குப் படியேறினார். கம்பனி அனுப்பிய ஏப்ரல் மாதக் கடிதத்தில் எல்லாம் பலமாக இருக்கிறது என்று எழுதினார்களே, அப்போதே நோட்டீஸ் கையில் இருந்திருக்கிறதே, இது நியாயமா என்று கேட்டார். கௌரிசங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அண்ணை, நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. அந்தத் தாளிலை நான் கையெழுத்து வைச்ச நாளிலை இருந்து, உங்களுக்கு எல்லாம் தெரியும் எண்டுதான் கணக்கு.”

கோபாலகிருஷ்ணன் படியிறங்கினார். ஸ்பிரிங்வேல் வீடாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்குத் தெரியும். ஆள் போன மறுநாளே கறையைத் துடைத்து, சுவருக்கு இரண்டு கோட் பெயின்ட் அடித்து, தரையைக் கழுவி, இரண்டாம் வாரம் வேறு ஆள் பிடித்திருப்பார். இந்தக் கிடங்கில் ஒரு பல்பு மாற்ற அவருக்கு உரிமை இல்லை. கை இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, அவற்றை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. வீட்டில் எல்லாக் கதவுப் பிணைச்சலுக்கும் எண்ணெய் விட்டார். ஒழுகாத குழாய்களுக்கு வாஷர் மாற்றினார். கார் கராஜில் ஆணிகளை அளவு பார்த்துப் பிரித்தார், பிறகு கொட்டிவிட்டு மறுபடியும் பிரித்தார். சுஜீவா வேலையால் வந்து சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்கார்வார், ஒரு கவளத்துக்குள் எழும்பிவிடுவார். அவள் சந்தோஷமாக இருந்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. ஜூலையில் சிட்னிக்குப் போய் மகனோடு இரண்டு வாரம் நிற்கலாம் என்றாள். தோளுக்கு நீந்துவது நல்லதாம், கவுன்சில் குளத்தில் சேரப்போகிறேன் என்றாள்.

சொல்லாமலும் விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. செப்டம்பர் வரைக்கும் காசு வரும். அதற்குள் வேறு யாராவது வாடகைக்கு வரலாம், கம்பனி ஏதாவது வழி பார்க்கும், தெய்வம் கண் திறக்கும். ஆனால் அறுபத்தொரு வயதில் விட்ட வேலையைத் திருப்பி யார் கொடுப்பார்கள்? கடிதம் கொடுத்த பிறகு தெரிந்தால், அவள் வேறெங்காவது புதிதாகப் போய், புதியவளாக நின்று, புதிதாகத் தூக்கத் தொடங்க வேண்டும். சொல்ல வேண்டும் என்று குசினி வாசல்வரைக்கும் நான்கு முறை போனார், நான்கு முறையும் ஏதோ ஒரு ஸ்குரூ டிரைவரைத் தேடி வந்தவர்போல் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மறுநாள் கடிதம் கொடுக்கிற நாள். சுஜீவா சலவை உடுப்புகளை மடித்துக்கொண்டு ஹோலுக்குள் வந்தாள். கோபாலகிருஷ்ணன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, ஓர் ஆணித் துளைக்குள் பூச்சுப் பசையை அடைத்து, கத்தியால் வழித்துக்கொண்டிருந்தார். இளங்கீரனின் படம் மட்டும் மாட்டியிருந்தது. பக்கத்தில் வெறும் சுவர்.

அவள் மடிப்பை நிறுத்தினாள். “உங்கடை பட்டம் எங்கை?”

அவர் திரும்பவில்லை. வழித்த இடத்தையே மறுபடியும் வழித்தார். “கழட்டிப் போட்டன்.”

“என்ன நடந்தது? இஞ்சாலை திரும்பிச் சொல்லுங்கோ.”

திரும்பினார். சொன்னார். கழற்றி அடுக்கிய தட்டுகள், சுதர்சன், நாற்பத்தோராம் பக்கம், மேல்மாடி எல்லாவற்றையும் சொன்னார். ஏணி கொண்டு போய் வாயிலில் நின்ற மழைநாளையும் சொன்னார், அதை யாரும் கேட்கவில்லை. காசு அழியவில்லை, கட்டடம் நிற்கிறது, புதிதாக ஆள் வந்தால் திரும்பவும் வரும் என்றார். அது உண்மைதான், ஆனால் சொல்லும்போது அவருக்கே அது ஏஜென்ட் பேச்சுப்போலக் கேட்டது.

சுஜீவா கதிரையில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

“எவ்வளவு காலத்துக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியாது, சுஜீ. ஒரு வருஷம் எண்டுறாங்கள். ரெண்டும் ஆகலாம்.”

அவள் தலையை அசைத்தாள். அவள் அழவில்லை. கோபாலகிருஷ்ணனுக்குத்தான் கண் நிறைந்தது. பிறகு சுஜீவா எழும்பிப் போய்க் கைப்பையைத் திறந்து, அந்தக் கடிதத்தை எடுத்து, மின்சார பில் எல்லாம் வைக்கிற மேசை லாச்சிக்குள் வைத்தாள். கிழிக்கவில்லை. அங்கிருந்து வாசல் கதவோரம் போனாள், குனிந்து பையின் முடிச்சை அவிழ்த்தாள். இறுக்கிப் போட்ட முடிச்சு, நேரம் எடுத்தது. மேலே இருந்த நீல யூனிஃபோர்மை எடுத்து உதறினாள். வலது கை பாதிக்கு மேல் எழும்பவில்லை, உதறல் அரைகுறையாய்ப் போயிற்று. உடுப்பு முழுக்கக் கசங்கியிருந்தது.

“வாரத்துக்கு நாலு நாளுக்கு மூண்டு காணாது,” என்றாள், யாருக்கோ சொல்வதுபோல். மற்ற இரண்டையும் எடுத்தாள்.

கோபாலகிருஷ்ணன் கத்தியை வைத்தார். கையைக் காற்சட்டையில் துடைத்தார். அவள் கையிலிருந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு போய், இஸ்திரி மேசையை விரித்தார். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவர் திருத்தாத சாமான் இல்லை, இந்த இஸ்திரிப் பெட்டிக்கும் இரண்டு முறை வயர் மாற்றியிருக்கிறார். ஆனால் அதைக் கையில் பிடித்து ஓர் உடுப்புக்குத் தேய்த்தது கிடையாது. சூடு எந்த இலக்கத்தில் என்று அவளைக் கேட்டார். இரண்டு என்றாள். முதலாவதை விரித்தார். காலரைத் தேய்த்தார், முன்பக்கத்தைத் தேய்த்தார். வலது தோள் வரும் இடத்தில் சுருக்கம் போகவில்லை. தண்ணீர் தெளித்து மறுபடியும் தேய்த்தார்.

“காணும், விடுங்கோ. நாளைக்குப் போட்டவுடனை கசங்கிறதுதானே,” என்றாள் சுஜீவா.

அவர் விடவில்லை. மூன்றையும் தேய்த்து முடித்து, அலுமாரியில் மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் கொழுவினார். பிறகு அவள் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். எழும்பவில்லை.